கலுங்கு மாடன் கைமாறிய வரலாறு

சாமியைக் கும்பிடத் தெரிந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். சாமியைத் தூக்கிக்கொண்டு ஓடத் தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு சாமியை முறைப்படி பேரம் பேசி, வரிப் பிடித்தம் செய்து, இரு தரப்பும் எழுந்து நின்று கைகுலுக்கி, போட்டோ எடுத்து, பிறகு காப்பி குடித்துக் கைமாற்றிக்கொண்ட பெருமை தாமிரபரணிக் கரைக்கு மட்டுமே உரியது. அந்தக் காப்பியைக் குடித்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக இருக்கிறது.

என் பெயர் கைலாசம். பாளையங்கோட்டைவாசி. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பிரபஞ்சா கதைக் குழுமத்தில் ‘மரபுத் தொடர்ச்சி மற்றும் வட்டார வழக்கு முதுநிலை ஆலோசகர்’ என்ற பொறுப்பில் இருக்கிறேன். இதற்கு நான் பெற்றிருந்த முன் அனுபவம், கலுங்கு மாடன் படங்கள் மூன்றின் படப்பிடிப்புக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் ஆஜரானது. வேறு எவரும் இவ்வளவு தொடர்ச்சியாக ஆஜரானதில்லை என்று இயக்குநர் சிவகணேஷே சொல்லியிருக்கிறார்.

கலுங்கு மாடனை அறியாதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடக் கட்டிவைத்த கல்மேடைதான் கலுங்கு. அதைக் காவல் காத்து அங்கேயே செத்துப்போன ஒருவன் ஆவியாகி, ஒரு காலை மடக்கி அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருக்கிறான். இது சிவகணேஷின் மண்டையில் பிறந்த சாமி. அருவாள் கிடையாது, மீசை முறுக்கு கிடையாது. அவசரமாகப் போகிறவனைப் பார்த்து, “பைய வே, பைய. தண்ணியே இங்கன நின்னுதான் போகுது” என்பான். அவன் முன்னால் பொய் சொன்னால் விக்கல் வரும். அவனுடைய சக்தி மொத்தமும் இந்த விக்கல்தான்.

முதல் படத்தில் இரண்டு ஊர்த் தண்ணீர்ச் சண்டையை விக்கலிலேயே தீர்த்துவைத்தான். இரண்டாம் படத்தில் ஒரு கல்யாணம் நின்றது, ஒரு கல்யாணம் நடந்தது. மூன்றாம் படத்தில், பிணத்தை எடுக்கும் முன்பே பாகம் பிரிக்க உட்கார்ந்த ஒரு சாவு வீட்டுக்காரர்கள் (எங்கள் பேச்சில் துட்டி வீடு) அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் விக்கல் வந்த காட்சியில் தியேட்டரில் நாற்காலிகள் உடைந்தன. மூன்று படத்திலும் மாடன் கலுங்கைவிட்டு ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. வழக்கு, வம்பு, காதல், எல்லாம் அவனைத் தேடி வந்து போயின.

மாடனாக நடித்தவர் டைட்டஸ். புன்னைக்காயலில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். ஜெனரேட்டர் கோளாறு என்று படப்பிடிப்புக்குக் கூட்டிவந்தார்கள். வேலை முடிந்து கலுங்கில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். சிவகணேஷ் நாயகனாக ஒப்பந்தம் செய்திருந்த சென்னைப் பையனை அன்று மாலையே ரயிலேற்றி அனுப்பினார்.

“அண்ணே, எனக்கு மாடனும் தெரியாது, மந்திரமும் தெரியாது. நாங்க மாதா கோயில்காரங்க” என்றார் டைட்டஸ்.

“மாடனுக்கும் நடிப்பு தெரியாது. நீரு சும்மா இரும், போதும்.”

பங்குச் சாமியார் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டாராம். பிறகு இரண்டாம் படத்தை இரண்டு தடவை பார்த்தாராம்.

படம் எடுத்த ஊர் சேரன்மகாதேவிப் பக்கம் ஆலடிப்பேரி. படத்துக்காக அந்தக் குளத்துக் கலுங்கில் தெர்மகோலில் ஒரு பீடம் செய்து வைத்திருந்தார்கள். படப்பிடிப்பு முடிந்து திரும்பிப் பார்ப்பதற்குள் யாரோ அதற்கு மாலை போட்டுவிட்டார்கள். தொலைந்த ஆடு ஒன்று கிடைத்தது. ஒரு பெண்ணுக்கு வரன் தகைந்தது. மறுவருஷம் தெர்மகோல் போய் சிமெண்ட் வந்தது. அதற்கடுத்த வருஷம் வில்லுப்பாட்டோடு கொடைத் திருவிழாவே நடத்தினார்கள். ஆலடிப்பேரியில் இப்போது அதை சினிமாச் சாமி என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் விக்கல் வரும்.

இந்தச் சமயத்தில்தான் பிரபஞ்சா குழுமத்தின் கருணைப் பார்வை எங்கள் பக்கம் திரும்பியது. குழுமத்தின் ‘கதைச் சொத்து மேம்பாட்டுத் துணைத் தலைவர்’ சித்ரலேகா விமானத்தில் தூத்துக்குடி வந்து, காரில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வந்து, ஒரு குளிர்சாதன அறையில் எங்களைச் சந்தித்தார். மாடனை உலகத்தரத்துக்கு உயர்த்தப்போவதாகச் சொன்னார். அதுவரை மாடன் உலகத்தரத்துக்குக் கீழே இருந்தது எங்களுக்குத் தெரியாது.

சிவகணேஷ் ஏன் சம்மதித்தார் என்று இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். காரணம் எளிது. அவர் மனதில் நாலாவது படம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக எடுக்கவேண்டும் என்று ஆசை. மாடனை விற்ற துட்டில் மாடனை வைத்தே படமெடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

“வித்துட்டா அப்புறம் எப்படி வே எடுப்பீரு?” என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது பதவி கிடைத்திருக்கவில்லை.

“என்ன வே இப்படிக் கேக்கீரு? பிடிமண் கேள்விப்பட்டதில்லையா? உம்ம சுடலை எங்கேருந்து வந்தாரு?”

சரியான கேள்விதான். எங்கள் சீமையில் ஒரு குடும்பம் ஊர் மாறிப் போனால், குலசாமி இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் அங்கே பீடம் போடும். சாமி அங்கேயும் போகும், இங்கேயும் இருக்கும். கொடுத்தவனுக்குக் குறைவதில்லை. பாதிச் சுடலைமாடன்கள் அப்படிப் பயணம் போனவர்கள்தாம். சிவகணேஷின் முன்னோர்கள் கோயில் தர்மகர்த்தாவாக இருந்து ஊர் ஊராகப் பிடிமண் கொடுத்தவர்கள். அவர் விற்பனை என்ற சொல்லைக் கேட்டதும் பிடிமண் என்று புரிந்துகொண்டதில் வியப்பில்லை.

புரிந்துகொண்டதோடு நிற்கவில்லை. கையெழுத்துப் போடும் அன்று ஆலடிப்பேரிக் கலுங்கடியிலிருந்து ஒரு பிடி மண்ணைப் புதுப்பானையில் போட்டு, சிவப்புத் துணி சுற்றி, கேந்திப்பூ மாலை போட்டு, தலையில் சுமந்து லிஃப்டில் ஏறி வந்தார். டைட்டஸ் பின்னாலேயே தாம்பூலத் தட்டோடு வந்தார். சித்ரலேகா பானையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். 

“ஸோ ஸ்வீட்! இதுல என்ன வளரும் சார்?”

“சாமி” என்றார் சிவகணேஷ்.

சித்ரலேகா தன் உதவியாளரிடம், “ஆர்கானிக்” என்று சொல்லிப் பானையை நீட்டினார்.

ஒப்பந்தம் படிக்கப்பட்டது. மாடன், மாடனின் உருவம், அவர் அமரும் இடம், அமரும் விதம், உச்சரிக்கும் சொற்கள், இதுவரை கற்பனை செய்யப்பட்டவை, இனிமேல் கற்பனை செய்யப்படக்கூடியவை யாவும், இந்தப் பூமியிலும் ஏனைய கிரகங்களிலும் குழுமத்துக்கே உரியவை. ‘ஏனைய கிரகங்கள்’ என்ற இடத்தில் சிவகணேஷ் சற்றுத் தயங்கி என்னைப் பார்த்தார்.

“நல்லதுதான வே, செவ்வாயிலயும் ஒரு பீடம்” என்றேன்.

கையெழுத்துப் போட்டார். அன்று மாலை எனக்குப் பதவி கிடைத்தது.

இனி நடந்த படைப்பு மறுமலர்ச்சியைச் சொல்கிறேன். முதலில் சென்னையில் ‘சிந்தனைப் பட்டறை’ ஒன்று கூட்டப்பட்டது. சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள் ஒட்டினார்கள். சித்ரலேகா முதல் கேள்வியைக் கேட்டார்.

“மாடன் ஏன் உட்கார்ந்திருக்கார்?”

“அவரு அங்கனதான் செத்தாரு” என்றேன்.

“அது சம்பவம் சார். அவருடைய உந்துதல் என்ன? உள்காயம் என்ன?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆலோசகர் ஆலோசனை சொல்லாமல் இருக்கமுடியாது. “கால்வலியா இருக்கும்” என்றேன்.

அறையே எழுந்து கைதட்டியது. அந்த ஒரு சொல்லிலிருந்து மூன்று படங்கள் பிறந்தன. சர்வதேசத் தண்ணீர் மாஃபியா ஒன்று மாடனின் முழங்காலை இளவயதில் நொறுக்குகிறது. அவர் இமயமலை போய்ப் புது முழங்கால் பெறுகிறார். திரும்பி வந்து பறக்கிறார். உட்கார்ந்திருக்கும் நாயகனைப் பார்வையாளர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று புள்ளிவிவரம் சொன்னதால், உட்காருவது மொத்தமாகக் கைவிடப்பட்டது. விக்கல் மேம்படுத்தப்பட்டு ‘விக்கல் அலை’ ஆனது. மாடன் மார்பில் தட்டினால் எதிரே இருக்கும் பதினோரு மாடிக் கட்டிடம் விக்கி விழும்.

டைட்டஸை மும்பைக்கு அழைத்து, ஒரு கண்ணாடிக் கூண்டில் நிறுத்தி, சிரிக்கச் சொல்லி அழச்சொல்லி முகத்தை முழுவதும் கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். பிறகு மிகுந்த மரியாதையுடன் திருப்பி அனுப்பினார்கள். அவரை வைத்தே எடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அவருக்கு வயதாகிக்கொண்டே இருந்தது. கணினியில் இருந்தவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

என் துறையும் சும்மா இருக்கவில்லை. திருநெல்வேலி மணம் குறையக்கூடாது என்பதற்காக ஒரு வசனத்துக்கு இரண்டு ‘லே’ கட்டாயம் என்று விதிவகுத்தேன். குழுமத்தின் முதல் படத்தில் மாடனின் மனைவி தன் மாமனாரைப் பார்த்து, “ஏலே, சாப்பிட வாலே” என்கிறாள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்கிற மருமகள் அடுத்த பஸ்ஸில் பிறந்தவீடு போய்ச் சேரவேண்டியதுதான். ஆனால் சென்னையில் அந்த இடத்துக்கு விசில் பறந்தது.

படம் வெளியான அன்று நானே டிக்கெட் வாங்கி சிவகணேஷையும் டைட்டஸையும் ஜங்ஷன் தியேட்டருக்கு அழைத்துப்போனேன். மாடன் பாபநாசத்தில் எழும்பி, ஒரு பாட்டு முடிவதற்குள் கொற்கைக்குப் பறந்தார். கொற்கையைவிட்டுக் கடல் விலகிப் போய் எத்தனையோ காலமாகிறது. குழுமம் கணினியில் கடலைத் திரும்ப வரவழைத்து, அடியில் பாண்டியர்களின் விண்கலம் ஒன்றையும் நிறுத்தியிருந்தது. பிரமிப்பாக இருந்தது.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். டைட்டஸ்தான் முதலில் பேசினார்.

“அண்ணே, நான் எப்பண்ணே இவ்வளவு அழகா இருந்தேன்?”

சிவகணேஷ் சிரிக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

“கைலாசம், அவன் ஒரு தடவையாவது உக்காந்தானா வே?”

“ஏன், கடைசில ஹெலிகாப்டர்ல…”

“அது தொங்குறது வே.”

டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு நாலாவது படத்தின் கதையை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். ஆலடிப்பேரிக் குளத்தை மேடாக்கி மனை போட்டுவிடுகிறார்கள். கலுங்கில் தண்ணீர் இல்லை. பொய் சொல்லவும் அங்கே ஆள் வருவதில்லை. மாடன் வெகுநேரம் யோசிக்கிறான். பிறகு எழுந்திருக்கிறான். கலுங்கைவிட்டு இறங்கி, தண்ணீர் எங்கே போயிற்று என்று வாய்க்காலோடு நடந்து ஆற்றைத் தேடிப் போகிறான்.

“அவன் எந்திரிக்கணும் வே. அந்த ஒரு எந்திரிப்புக்காகத்தான் மூணு படத்துலயும் அவனை உக்கார வச்சிருந்தேன். இவனுவ எடுத்த எடுப்புலேயே பறக்க விட்டுட்டானுவ.”

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கப் பார்த்தது. குழுமத்தின் ஊழியர் என்ற முறையில் உடனே ஒரு பஜ்ஜி சாப்பிட்டுச் சரிசெய்துகொண்டேன்.

சிவகணேஷ் பைய இருக்கிற ஆளில்லை. அடுத்த வாரமே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆலடிப்பேரி போய்விட்டார். டைட்டஸ் கலுங்கில் காலை மடக்கி உட்கார்ந்தார். செய்தி கிடைத்ததும் சித்ரலேகா நேரில் வந்தார். வழக்கறிஞரை அனுப்பாமல் தானே வெயிலில் வந்தது அவருடைய பெருந்தன்மை. நான் குடை பிடித்தேன்.

“சார், இவர் இங்க உட்காரக் கூடாது. இந்த மடக்குற போஸ் நம்ம சொத்து.”

“இவருக்கு மூட்டுவலி மேடம், வேற மாதிரி உக்கார முடியாது.”

“நிக்கலாமே?”

“அப்ப எந்திரிச்சு நடந்து போறதை மட்டும் எடுத்துக்கிடுதேன்.”

“எந்திரிக்கிறதும் எங்களோடதுதான் சார்.”

“உங்க படத்துல அவன் எந்திரிக்கவே இல்லையே? பறந்துட்டான்லா?”

“இனிமே எந்திரிக்கலாம்ல? ‘இனிமேல் கற்பனை செய்யப்படக்கூடியவை’னு இருக்கு.”

சிவகணேஷ் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். “மேடம், நான் உங்களுக்குக் குடுத்தது பிடிமண்ணு. பிடிமண்ணு குடுத்தா சாமி உங்ககிட்டயும் இருக்கும், எங்ககிட்டயும் இருக்கும். அதுக்குத்தானே தலையில சுமந்து கொண்டுவந்து குடுத்தேன்?”

“ஓ, அந்தப் பாட்! ரிசப்ஷன்ல மணி பிளாண்ட் வச்சிருக்கோம் சார். சூப்பரா வந்திருக்கு.”

டைட்டஸ் கலுங்கிலிருந்து இறங்கிவிட்டார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, தட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

அங்கேதான் குழுமத்தின் தாயுள்ளம் வெளிப்பட்டது. சித்ரலேகா வழி ஒன்று சொன்னார். மாடனைப் படைத்தவர் என்ற முறையில் சிவகணேஷ் மாடனைத் தொட்டால் அது உரிமை மீறல். ஆனால் ரசிகர் யாராவது தொட்டால் அது விளம்பரம். ‘நீங்களும் மாடனே!’ என்று ரசிகர்களுக்கான அகில இந்தியப் படப் போட்டியைக் குழுமம் நடத்திக்கொண்டிருந்தது. அதில் யாரும் சேரலாம். எவ்வளவு நீளமும் எடுக்கலாம்.

“அப்ப நான் என் சாமிக்கு ரசிகன்னு எழுதிக் குடுக்கணும்?”

“நீங்க ரசிகர் இல்லையா சார்?”

சிவகணேஷ் யோசித்தார். படம் எடுக்க வேறு வழியில்லை. ரசிகரானார். ‘மாடனை முதன்முதலில் எங்கே கண்டீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘என் தலைக்குள்’ என்று எழுதியிருந்தார். தியேட்டர், டி.வி., செல்போன் ஆகிய மூன்றில் ஒன்றைக் குறிக்குமாறு நானே திருப்பி அனுப்பவேண்டியிருந்தது.

விற்ற துட்டு முழுவதையும் அதில் போட்டார். மனைவி பிருந்தா ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தடுக்கவில்லை. ஆலடிப்பேரிக்காரர்கள் சம்பளமில்லாமல் நடித்தார்கள். டைட்டஸ் புன்னைக்காயலில் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து இருந்தார். படம் முடிந்து போட்டிக்கு வந்துசேர்ந்தது. நடுவர் குழுத் தலைவர் நான்.

நடுவர்கள் நாலு பேரும் படத்தை முழுவதும் பார்த்தோம். விதிப்படி ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். மாடன் எழுந்திருக்கும் இடம் வந்தது. முதலில் ஒரு கையை ஊன்றினான். பிறகு மடக்கிய காலை, வெகுகாலம் பூட்டிக் கிடந்த கதவைத் திறப்பதுபோல் மெல்ல நீட்டினான். எழுந்து நின்றான். திரும்பி, தான் உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தான். எங்களில் கணக்குப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கன்னத்தையும் துடைத்தார். எங்கள் மூன்று படங்களுக்கும் சேர்த்து அவர் அப்படித் துடைத்ததில்லை.

ஆனால் நடுவர் என்பவர் உணர்ச்சிவசப்படக் கூடாது. கணினிச் சோதனையில், இந்தப் படத்தில் வரும் நபருக்கும் மாடனுக்கும் முக ஒற்றுமை பாதிகூடத் தேறவில்லை. ‘லே’ படம் முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது. விக்கலில் ஒரு கட்டிடமும் விழவில்லை. ஆகவே, ‘மூலப் பாத்திரத்தின் ஆன்மாவைப் படைப்பாளர் உள்வாங்கவில்லை’ என்று தீர்ப்பெழுதி அதன்கீழ் நான்தான் கையெழுத்திட்டேன். மாடன் டைனோசரோடு ஆடும் டெல்லி இளைஞரின் படம் முதல் பரிசு பெற்றது.

போட்டிக்கு வந்த படைப்புகள் அனைத்தும் குழுமத்தின் உடைமை. நிராகரிக்கப்பட்டவை பெட்டகத்தில் பத்திரமாக வைக்கப்படும், வெளியிடப்படமாட்டா. யாரும் தொடமுடியாது, தூசிகூட அண்டாது. எந்தப் படைப்புக்கு இப்படி ஒரு பாதுகாப்பு வாய்க்கும்? இதை சிவகணேஷுக்கு விளக்கி, பங்கேற்புச் சான்றிதழையும் மாடன் படம் போட்ட ஒரு பனியனையும் நேரில் கொடுத்து வர நானே அவர் வீட்டுக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஆலடிப்பேரிக்காரர்கள் சிலரும் டைட்டஸும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும், “வாங்க” என்று சொல்லவில்லை. பிருந்தா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். காப்பி வரவில்லை. விருந்தோம்பலுக்குப் பேர்போன எங்கள் ஊர் இப்படி மாறிவருவது எனக்கு வருத்தமாக இருந்தது.

சிவகணேஷ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் சான்றிதழை நீட்டினேன். ‘மாடனை நேசித்தமைக்கு நன்றி’ என்று அதில் தங்க எழுத்தில் இருந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு மடிமேல் வைத்துக்கொண்டார். பெட்டகத்தின் வசதிகளை எடுத்துச்சொன்னேன். குழுமம் அடுத்த வருஷமும் போட்டி நடத்தும், மனம் தளரவேண்டாம் என்று ஊக்கமும் கொடுத்தேன்.  டைட்டஸ் தலையைக் குனிந்துகொண்டு தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த காரியம் முடிந்தது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மரியாதைக்கு, “சரி, போயிட்டு வாரேன்” என்றேன்.

சிவகணேஷ் நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

“துட்டி வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லப்படாது வே. கொன்னவரே வந்திருந்தாலும் முறை முறைதான்.”